ஷேல் எண்ணெய்: பாறைக்குள் இருப்பது எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு?

றொக்-ஈவல் (பாறைத்தூளைச் சூடாக்கி எண்ணெயை அளக்கும் சோதனை) அறிக்கையில் எஸ்1 பெறுமானம் 4 மி.கி./கிராம், சேதன காபன் 5 வீதம். எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம்? (மாணவி, திருநெல்வேலி)

பாறைத்தூளை 300 பாகை செல்சியசில் சூடாக்கும்போது ஆவியாகி வரும் எண்ணெய்தான் எஸ்1. உங்கள் பாறையில் அது தொன்னுக்கு 4 கிலோ. ஷேலின் (களிமண் இறுகி உண்டான படிவுப்பாறை) அடர்த்தியை 2.5 என்றும் எண்ணெயினதை 0.85 என்றும் கொண்டால், ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 11.8 லீற்றர். ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பில் 30 மீற்றர் தடிப்புக்கு 22 இலட்சம் பீப்பா வரும். இது பாறைக்குள் கிடப்பது. ஷேலில் மீட்பு வீதம் பெரும்பாலும் பத்துக்குக் கீழேதான். ஐந்து என்று வைத்தால் 1,10,000 பீப்பா.

அதையும் உடனே நம்பிவிடாதீர்கள். எஸ்1ஐக் காபன் வீதத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 80. இது 100ஐத் தாண்டாவிட்டால் எண்ணெயின் பெரும்பகுதியைக் கெரோஜன் (பாறையிலுள்ள திடமான சேதனப்பொருள்) உறிஞ்சிப் பிடித்திருக்கும். எஸ்1 3, காபன் 2 வீதம் உள்ள படைக்கு இதே கணக்கு 150 தரும். எண்ணெய் குறைவு, ஆனால் ஓடும். நான் துளையிடச் சொல்வது அந்தப் படையைத்தான்.

ஒரே மாதிரிக்கு இரண்டு ஆய்வுகூடங்கள் வெவ்வேறு எஸ்1 தந்தது ஏன்? (கொக்குவில்)

பாறை மேலே வந்த கணத்திலிருந்தே இலேசான எண்ணெய் பறக்கத் தொடங்கும். அரைக்கும் சூட்டில் இன்னும் போகும். ஆகவே உடனே காற்றுப்புகாமல் மூடி, திரவ நைதரசனில் உறையவைத்து அரைக்க வேண்டும். பாரமான எண்ணெயோ எஸ்1இல் வராமல் எஸ்2க்குள் (மேலும் சூடாக்கும்போது கெரோஜன் சிதைந்து வரும் அளவு) ஒளிந்துகொள்ளும். மாதிரியைக் கரைப்பானால் கழுவி மறுபடி சோதித்து, எஸ்2 குறைந்த அளவை எஸ்1உடன் கூட்டுங்கள். எண்ணெய் கலந்த துளைச்சேறு (துளையிடும்போது குழிக்குள் விடும் திரவம்) பாவித்திருந்தால் எஸ்1 பொய்யாக ஏறும். அறிக்கையில் முதலில் அதைத் தேடுங்கள்.

ஷேல் எண்ணெய்க் கிணற்றின் முதல் ஆறு மாத உற்பத்தியை வைத்து மொத்தத்தைக் கணிக்கலாமா? (சாவகச்சேரி)

கூடாது. தொடக்க வீழ்ச்சிக்குப் பொருந்தும் வளைகோட்டை அப்படியே நீட்டினால் வால் முடியவே முடியாது, மொத்தம் ஊதிப்போகும். பிற்பகுதிக்கு மாறா வீழ்ச்சி வீதமொன்றை வையுங்கள்.

எங்கள் கிணற்று நீரில் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறது. கீழே எண்ணெய் உண்டா? (கோண்டாவில்)

இல்லை. யாழ்ப்பாணத்தில் நம் காலடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், எண்ணெய் ஷேல் அல்ல. 2011இல் மன்னார் படுகையில் கண்டறிந்ததும் கடலுக்கடியில் உள்ள இயற்கை வாயு. ஒரு வாளி தண்ணீர் அள்ளி, படலத்தை ஈர்க்கால் கீறிப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகள்போல் உடைந்து விலகி நின்றால் இரும்புப் பற்றீரியா. சுழன்று மறுபடி ஒட்டினால் மேலேயிருந்து கசிந்த எரிபொருளாக இருக்கலாம்; குடிப்பதை நிறுத்தி, கண்ணாடிப் போத்தலில் நிரப்பிச் சோதனைக்குக் கொடுங்கள். பிளாஸ்ரிக் போத்தல் வேண்டாம், எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிவிடும்.