ஓவர்டைம் பார்த்தால் தபால் ஊழியருக்குப் பென்ஷன் கூடுமா?

உங்கள் அப்பா தபால்காரர், அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார், கடைசி வருடம் அதிகம் சம்பாதித்தால் பென்ஷன் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி, மூட்டு வலியோடு ஓ.டி. பார்க்கிறார், இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மையில்லை. ஓ.டி. பணத்தால் பென்ஷன் ஒரு ரூபாய்கூட ஏறாது. இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நான் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் சார்ட்டிங் அசிஸ்டெண்டாக இருந்து 2019 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றவன். நைட் ஷிப்ட் முடிந்து கிளம்பும் நேரத்தில் ரயில் தாமதமாக வரும். வண்டியில் இருந்து இறக்கிய பைகளைப் பிரித்து, ஊர்வாரியாகத் தபாலைத் தள்ளி, மறுபடி கட்டி லேபிள் போடுவதற்குள் விடிந்துவிடும். அந்த நேரத்துக்கெல்லாம் ஓ.டி. பில் போட்டோம். அந்தக் காசு எங்கேயோ என் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று நானும்தான் நினைத்தேன். ஓய்வுக்கு முன் பென்ஷன் கணக்குத் தாளைக் கையில் வாங்கியபோது அதில் இருந்தது ஒரே சம்பள எண்: அடிப்படைச் சம்பளம் 52,000. அதில் பாதி, 26,000, என் பென்ஷன். அத்தனை இரவுகளுக்கும் அந்தத் தாளில் ஒரு வரி இல்லையே என்று அன்றைக்கு மனசு கனத்துப் போனது.

காரணம் விதியிலேயே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளிலும் சரி, அதற்குப் பதிலாக வந்த 2021 விதிகளிலும் சரி, பென்ஷனுக்கு எடுத்துக்கொள்வது அடிப்படைச் சம்பளத்தை மட்டும்தான். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், கடைசி 10 மாதச் சராசரி, இரண்டில் எது கூடுதலோ அதில் பாதி. வீட்டு வாடகைப்படியோ ஓ.டி.யோ இதற்குள் வராது. ரயில் ஓட்டுநர், கார்டு போன்றவர்களுக்கு, வண்டியில் போவதற்குத் தரும் ரன்னிங் அலவன்ஸுக்காக அடிப்படைச் சம்பளத்தில் 55 சதவீதம் சேர்த்துப் பென்ஷன் போடுகிறார்கள். "அவர்களுக்குச் சேர்க்கிறார்களே" என்று நம் ஆட்கள் குழம்புவது இதனால்தான். நமக்கு அப்படி ஏற்பாடு இல்லை.

கிராஜுவிட்டிக்கும், எடுக்காத விடுப்புக்கு ஓய்வின்போது தரும் பணத்துக்கும் அடிப்படையோடு அகவிலைப்படி சேரும், ஓ.டி. சேராது. 2004 ஜனவரி முதல் சேர்ந்து என்.பி.எஸ். என்கிற புதிய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். அவர்களிடம் பிடிக்கும் 10 சதவீதமும் அரசு போடும் 14 சதவீதமும் அடிப்படை, அகவிலைப்படி இரண்டின் மேல்தான். 2025 ஏப்ரலில் வந்த யு.பி.எஸ். என்கிற ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டமும் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியைத்தான் பார்க்கிறது.

இத்தனைக்கும் அந்த ஓ.டி. பணம் பெரிதா என்றால் அதுவும் இல்லை. 2018-இல் வந்த ஆணை பல பிரிவினருக்கு ஓ.டி.யையே நிறுத்தியது; தொடர்ந்தவர்களுக்கும் விகிதத்தை உயர்த்தவில்லை. ஆகவே செய்த வேலைக்கு வரவேண்டியதை வாங்கட்டும், பென்ஷனுக்காக என்று முழங்காலைத் தேய்க்க வேண்டாம்.

அப்புறம், நிஜமாகவே பென்ஷனைக் கூட்டும் ஒரு விஷயம் இருக்கிறது. அப்பா ஓய்வு பெறும் தேதி ஜூன் 30 அல்லது டிசம்பர் 31-ஆ என்று பாருங்கள். ஜூன் 2-இல் இருந்து ஜூலை 1-க்குள் பிறந்தவர் என்றால் ஜூன் 30-தான். வருடம் முழுக்க உழைத்தும், மறுநாள் வரவேண்டிய இன்கிரிமென்ட் ஒரே நாளில் கைநழுவிப் போகும். உச்ச நீதிமன்றம் 2023-இல் இதற்கு ஊழியர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே மாதம் மத்திய அரசும் ஆணை போட்டது. அந்த இன்கிரிமென்ட் வந்ததாகவே வைத்துப் பென்ஷனை மட்டும் கணக்கிடுவார்கள், கிராஜுவிட்டிக்குச் சேராது. என் கணக்கில் 52,000 என்பது 53,600 ஆகி, பென்ஷன் 26,800 ஆனது. மாதம் 800, அதன் மேல் அகவிலை நிவாரணம், ஆயுள் முழுக்க. எந்த ஓ.டி.யும் எனக்கு இதைத் தரவில்லை.

இன்னொன்று சர்வீஸ் புத்தகம், அதாவது அவருடைய பணிப் பதிவேடு. 10, 20, 30 வருடங்களில் வரவேண்டிய எம்.ஏ.சி.பி. என்கிற சம்பள நிலை உயர்வு மூன்றும் சரியான தேதியில் ஏறியிருக்கிறதா? ஒன்று விட்டுப் போனாலும் அடிப்படைச் சம்பளம் குறைந்து பென்ஷனில் இடிக்கும். ஸ்ட்ரைக் நாட்களை டைஸ்-நான் (பணி நாளாக எண்ணாத நாள்) என்று எழுதியிருந்தால் சர்வீஸ் கணக்கில் என்ன செய்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஏனென்றால் கிராஜுவிட்டி ஒவ்வொரு ஆறு மாத சர்வீஸுக்கும் கால் மாதச் சம்பளம் என்று ஏறுவது. என் புத்தகத்தில் ஒரு வருட சர்வீஸ் சரிபார்ப்புக் கையெழுத்தே இல்லாமல் இருந்தது. அதை வாங்க மூன்று மாதம் நடந்தேன். ஓய்வுக்குப் பிறகு என்றால் இன்னும் அலைந்திருப்பேன்.

அப்பா புத்தகம் பார்க்கப் போகும் நாளில் முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். ஆயுசு முழுக்க அந்த ஆபீஸில் தலையாட்டிப் பழகியவர்கள், தங்களுக்காக என்று வாய் திறந்து கேட்கத் தயங்குவார்கள்.