வெடித்த வேப்பம்பலகை – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரம் சென்ற ஐப்பசி மழையில் சாய்ந்துவிட்டது. அப்பா நட்ட மரம் என்பதால் விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பெஞ்சு செய்வதற்காக, ஓரத்தைச் சீவாமல் பட்டையோடு ஒரு பலகை அறுத்து வாங்கினேன். 5 அடி நீளம், 16 அங்குல அகலம், 2 அங்குலக் கனம். நான்கு மாதம் சுவரில் சாய்த்துக் காயவைத்த பிறகு, வெல்டிங் பட்டறையில் இரும்புக் கால்கள் செய்து, காலுக்கு ஆறு திருகாணிகள் போட்டு இறுக்கினேன். சித்திரை வெயிலில் ஒரு முனையிலிருந்து முக்கால் அடி நீளத்துக்குப் பலகை வெடித்துவிட்டது. ஓரத்தில் உட்கார்ந்தால் மறுமுனை எழும்புகிறது. பட்டைக்கு அடியிலிருந்து மாவு போலத் தூள் உதிர்கிறது. ஊற்றினால் கல்லாக இறுகும் எபாக்ஸி பிசினால் வெடிப்பை அடைத்துவிடலாம் என்கிறார்கள். அடைக்கலாமா? வேம்பு இதற்கு உதவாத மரமா?

ஒரு வாசகர்,
மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

எபாக்ஸியை இப்போது ஊற்ற வேண்டாம். வேம்பின் மீதும் பழி போட வேண்டாம். வைரம் பாய்ந்த வேம்பு நம் வீடுகளில் நிலைக்கும் கதவுக்கும் தலைமுறைகளாக உழைத்த மரம். உங்கள் பலகையை வெடிக்க வைத்தவை அந்தப் பன்னிரண்டு திருகாணிகளே.

ஈரம் வற்றும்போது மரம் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை. அகலவாக்கில் சுருங்குகிறது, அதிலும் மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடிமரத்தை அப்படியே குறுக்காமல் அறுத்தெடுத்த அகலப் பலகையில், அகலத்தின் பெரும்பகுதி வளையங்களை ஒட்டிய திசையிலேயே அமைந்துவிடுகிறது. 16 அங்குல அகலமுள்ள பலகையின் ஈரப்பதம் 4 விழுக்காடு இறங்கினால் அகலம் 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை குறையும். நான்கு மாதத்தில் 2 அங்குலக் கனம் உள்ளே வரை காய்ந்திருக்க வழியில்லை என்பதால், உங்கள் பலகை இன்னும் ஒரு சென்டிமீட்டர் வரைகூடச் சுருங்க வேண்டியிருந்திருக்கலாம். சித்திரை வெயிலில் அது சுருங்க முயன்றபோது, காலின் தலையிலுள்ள, சுருங்கத் தெரியாத இரும்புப் பட்டை ஆறு இடங்களில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு பலகைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆகவே முதல் வேலையாகத் திருகாணிகளைக் கழற்றுங்கள். இரும்புப் பட்டையில் நடுத் துளை ஒன்றை மட்டும் வட்டமாகவே விட்டுவிட்டு, மற்றத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீட்டுங்கள். பழைய துளையை ஒட்டி இருபுறமும் ஒவ்வொரு துளை போட்டு, இடையில் நிற்கும் இரும்பை உருட்டு அரத்தால் ராவினால் நீள்துளை கிடைத்துவிடும். நடுவிலிருந்து இருபக்கமும் 6 மில்லிமீட்டர் ஓடுவதற்கு இடம் இருந்தால் போதும். திருகாணிக்குப் பதிலாகப் பலகையின் அடியில் இன்சர்ட் நட் (மரத்துக்குள் பதியும், உட்புறம் மரையுள்ள உலோகக் குழல்) பதித்து, அகன்ற வாஷரோடு போல்ட் மாட்டுங்கள். முழுக்க இறுக்கிய பிறகு கால் சுற்று தளர்த்திவிடுங்கள். பலகை மேலும் கீழும் வளையாதபடி இரும்பு பிடித்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் வழிவிட வேண்டும். இரும்புக் காலில் நிற்கும் எந்த மரப் பெஞ்சுக்கும் இந்த ஒரு விஷயம் கைகூடினால் பிறவற்றை நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

எபாக்ஸியை நான் தடுப்பதற்கும் இதுவே காரணம். பலகை இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. வெடிப்பைக் கல் போன்ற பொருளால் நிரப்பிவிட்டால், அடுத்த கோடையில் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விழக்கூடும். வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துத் தேதியை எழுதுங்கள். பலகையைப் படுக்க வைத்து, அடியில் ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கொடுத்து, இரு முனைகளிலும் பெயிண்ட் பூசி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நீளவாக்கு நார்களின் வாய் திறந்திருக்கும் முனைகள் வழியாகவே ஈரம் மிக வேகமாக வெளியேறுகிறது. வெடிப்பும் அங்கிருந்தே தொடங்குகிறது. மாதம் ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று மாதம் எடை மாறாமல் நின்று, வெடிப்பும் பென்சில் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் பலகை தயார்.

அப்போதும் வெடிப்பை மறைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஓரம் சீவாத இவ்வகை மேசைகளுக்கும் பெஞ்சுகளுக்கும் உலகெங்கும் பெயர் தேடித்தந்த, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா 1930களின் பிற்பகுதியில் நம் புதுச்சேரியில் வாழ்ந்தவர். அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டும் பணியை நேரில் நின்று நடத்திய கட்டடக் கலைஞர் அவர். அங்கேதான் அவருக்குச் சுந்தரானந்தா என்ற பெயர் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த முகாம்களில் ஒன்றான ஐடஹோ மாநில மினிடோகாவில், உடன் அடைபட்டிருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைக்கருவிகளின் நுட்பத்தைக் கற்றார். பிற்பாடு பென்சில்வேனியாவில் பட்டறை அமைத்து அவர் செய்த மேசைகளில் வெடிப்பு வெடிப்பாகவே தெரியும். அது மேலும் ஓடாதபடி குறுக்கே ஒரு கட்டை பதிந்திருக்கும். வண்ணத்துப்பூச்சி என்று அதைச் சொல்கிறார்கள். எனக்கு அது உடுக்கையாகவே தெரிகிறது: இடை சிறுத்து, இரு தலையும் விரிந்தது. உங்கள் வெடிப்புக்கு இரண்டு உடுக்கைகள் போதும், ஒன்று முனைக்கருகில், மற்றொன்று வெடிப்பு முடியும் இடத்துக்குச் சற்று முன்னால். புளியின் வைரத்தில் வெட்டுங்கள். கட்டையின் நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். நார் வெடிப்போடு இணையாக ஓடினால் உடுக்கை இடுப்பிலேயே ஒடிந்துவிடும். கட்டையை முதலில் வெட்டி, பலகையின் மேல் வைத்துக் கூர்மையான கத்தி நுனியால் சுற்றிக் கோடிட்டு, கோட்டுக்கு உள்ளேயே நின்று உளியால் ஓர் அங்குல ஆழம் எடுங்கள்.

மறுமுனை எழும்புவது வெறும் கணக்கு. முனையிலிருந்து 15 அங்குலம் தள்ளிக் கால் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கால்களோடு சேர்த்து உங்கள் பெஞ்சு ஏறத்தாழ 27 கிலோ இருக்கும். அதன் நடுப்புள்ளி காலிலிருந்து 15 அங்குலம், பெருக்கினால் 405. எழுபது கிலோ எடையுள்ளவர் முனையோரம் அமர்ந்தால் அவருடைய எடை காலுக்கு வெளியே சுமார் 9 அங்குலத்தில் இறங்குகிறது, பெருக்கினால் 630. பெஞ்சு கவிழத்தான் செய்யும். காலை முனையிலிருந்து 8 அங்குலத்துக்கு நகர்த்தினால் பெஞ்சின் பக்கம் 594, ஆளின் பக்கம் 140.

தூள் உதிர்வது வண்டின் வேலை. பட்டையை ஒட்டிய வெளிறில் மாவுச்சத்து இருப்பதால் புழு அங்கேயே குடியேறுகிறது. உள்ளே சிவந்திருக்கும் வைரத்தை அது பெரும்பாலும் தொடுவதில்லை. பட்டை இருக்கட்டும் என்று ஆசைப்படாதீர்கள், காய்ந்ததும் அது எப்படியும் கழன்று விழும். மழுங்கிய உளியால் பட்டையை நெம்பி எடுத்து, நார்த் தூரிகையால் தேய்த்தால், அடியில் மரத்தின் சொந்த மேனி தெரியும். எண்ணெய் பூசும் முன்பே, வெறும் மரமாக இருக்கும்போது, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரை இரண்டு மூன்று முறை ஊறப் பூசுங்கள். பிறகு கீழே கறுப்புத் துணி விரித்துவைத்துப் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது, மறுபடி பூச வேண்டும்.

கடைசியாக ஆளிவிதை எண்ணெய். மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகி, சுருண்ட துணி தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து, கொடியில் விரித்துக் காயவிட்டு, அதன் பிறகே எறியுங்கள்.

அன்புடன்.