ஆவணப்படம் பார்த்தால் எழுத்து மேம்படுமா?

மேம்படும், ஆனால் சும்மா பார்த்தால் போதாது. படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கவனித்துப் பார்க்க வேண்டும்.

எரோல் மாரிஸ் 1988-இல் எடுத்த ‘தி தின் ப்ளூ லைன்’ படத்தைச் சொல்லலாம். 1976-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ராண்டல் ஆடம்ஸ் என்பவர் சிறையில் இருந்தார். படத்தில் பின்னணிக் குரல் கிடையாது. சாட்சிகள் பேசுகிறார்கள், ஆளுக்கொரு கதை. அதற்கேற்ப கொலை நடந்த அதே இரவு திரும்பத் திரும்ப நடித்துக் காட்டப்படுகிறது, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று மாறும். ‘இவர் நிரபராதி’ என்று இயக்குநர் வாய்திறந்து சொல்வதில்லை. பொய் தானாகவே பல்லிளிக்கிறது. 1989-இல் ஆடம்ஸ் விடுதலையானார்.

நம்மில் பலர் கட்டுரையின் முதல் பத்தியிலேயே தீர்ப்பை எழுதிவிடுகிறோம். (கதை எழுதுபவர்களும்தான்.) தகவல்களை எந்த வரிசையில் வைத்தால் வாசகரே முடிவுக்கு வருவார் என்பதை இந்தப் படத்தில் நன்றாகப் பார்க்கலாம்.

அப்புறம் உரையாடல். பேட்டி ஒன்றில் ஒரு நிமிடத்தை அப்படியே எழுதிப் பாருங்கள். மனிதர்கள் முழு வாக்கியத்தில் பேசுவதே அபூர்வம். பாதியில் நிறுத்துவார்கள், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறெங்கோ போவார்கள். சினிமா வசனத்தைக் கேட்டு மட்டும் இது பிடிபடாது.

வர்ணனைக்கு, ஒலியை அணைத்துவிட்டு ஒரு காட்சியைப் பார்த்து எழுதலாம். குரல் நிறுத்தாமல் விளக்கிக்கொண்டே போகும் படங்கள் இதற்கெல்லாம் அவ்வளவாக உதவாது, என் கணக்கில்.