சினிமா பட்டாளமும் சித்தப்பா பட்டாளமும்

போர்ப் படங்களில் காட்டும் வீரம் நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் நிஜம்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் ராஜஸ்தான் எல்லையில் நடந்த லோங்கேவாலா சண்டையை வைத்து 1997-இல் வந்த ‘பார்டர்’ இந்திப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அதில் பைரோன் சிங் என்ற வீரர் செத்துப்போவதாகக் காட்டினார்கள், ஆனால் நிஜ பைரோன் சிங் உயிரோடு ஊர் திரும்பி 2022 டிசம்பரில்தான் காலமானார். உயிரோடு திரும்புகிறவர் சினிமாவுக்கு ஏனோ பத்துவதில்லை. அப்புறம், அன்று விடிந்ததும் பாகிஸ்தான் டாங்கிகளை நொறுக்கியது ஜெய்சல்மேரிலிருந்து பறந்துவந்த நம் ஹண்டர் போர் விமானங்கள். ராத்திரி முழுக்க நம் வீரர்கள் சுமார் 120 பேர் இடத்தை விட்டு நகராமல் தாக்குப்பிடித்ததுதான் அங்கே வீரம், அதைப் படமாக எடுத்தால் யார் விசில் அடிப்பார்கள்?

தேவிபட்டினத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பா பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். கதை கேட்டால், குளிரில் டீசல் உறைந்துபோய் விடியற்காலையில் லாரியின் டீசல் டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடாக்கியதைத்தான் சொல்வார். ராணுவ மேஜர் ஒருவரின் கதையான ‘அமரன்’ படம் வந்தபோது ராமநாதபுரத்துக்கு அழைத்துப்போனோம். அந்த மேஜரின் மனைவி வழியாகக் கதை நகர்வதால் அது அவருக்குப் பிடித்திருந்தது. “லீவு முடிஞ்சு கிளம்புறது அப்படித்தான் இருக்கும்” என்றார், சண்டைக் காட்சி பற்றிப் பேச்சே இல்லை.