மதியமானால் அறுந்துபோகும் வைஃபை: எந்த ரவுட்டர்?

வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டு அறை வீடு, மதியமானால் வைஃபை அறுந்துபோகிறது, எந்த ரவுட்டர் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அந்த வீட்டுக்கு வைஃபை 6 (வைஃபையின் ஆறாம் தலைமுறை), இரட்டை அலைவரிசை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும்), கிகாபிட் போர்ட் (வேகமான கேபிள் துளை) உள்ள ரவுட்டர் தாராளம். ஆறு ஆன்டெனாவைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஆனால் மதியத்தில் மட்டும் அறுந்துபோகிறது என்றால் எனக்குச் சூட்டின் மேல்தான் சந்தேகம். வேலூர் வெயிலில், டிவி ஸ்டாண்டுக்குள் அடைத்து வைத்த ரவுட்டர் கொதித்துப்போய்த் தானாக ரீஸ்டார்ட் ஆகும். வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வையுங்கள். அப்படியும் அறுந்தால், அந்த நேரத்தில் லேப்டாப்பை லேன் கேபிளில் செருகிப் பாருங்கள். கேபிளில் நெட் ஓடி வைஃபை மட்டும் போனால் ரவுட்டரை மாற்றலாம். இரண்டும் போய், ஃபைபர் மோடத்தில் (ஃபைபர் லைன் வந்து சேரும் பெட்டி) LOS என்று எழுதிய, சிக்னல் வரவில்லை என்று காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தால் லைன் கோளாறு; புது ரவுட்டர் வாங்கினாலும் தீராது.

அப்புறம், ஃபைபர் லைன் நேராக இப்போதைய ரவுட்டர் பெட்டியிலேயே வருகிறதா? அப்படியானால் அதைக் கழற்றிவிடாதீர்கள். அதன் வைஃபையை மட்டும் அணைத்து, புது ரவுட்டரை அதன் லேன் போர்ட்டில் கேபிளால் மாட்டுங்கள்.