கார்டில் யார் படம்?

கேள்வி (வாசகர், காட்பாடி): எங்கள் டீக்கடையில் கொஞ்ச நாளாக ஒரே சண்டை. மருத்துவத்தை முழுக்க அரசாங்கமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஒரு பெஞ்ச். எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டால்தான் உருப்படும் என்கிறது எதிர் பெஞ்ச். நீங்கள் எந்த பெஞ்ச்?

பதில்: ரெண்டு கேள்வியை ஒரே கிளாஸில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருக்கிறார்கள் உங்கள் ஆட்கள். பணத்தை யார் கட்டுவது என்பது ஒன்று, ஆஸ்பத்திரியை யார் நடத்துவது என்பது வேறு. கனடாவில் டாக்டர் பில்லை அரசு வரிப்பணத்தில் கட்டுகிறது, ஆனால் பெரும்பாலான டாக்டர்கள் அரசு ஊழியர்கள் கிடையாது. சொந்தமாகத் தொழில் நடத்தி அரசுக்கு பில் அனுப்புகிறவர்கள். பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் பணமும் அரசுடையது, ஆஸ்பத்திரியும் அரசுடையது, அங்கேகூட தெருமுனை டாக்டர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள்தான். ஜெர்மனியில் 1883-இல், பிஸ்மார்க் ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில் ஆரம்பித்தது தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கட்டும் நிதி. இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம், ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள், ஈ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடித்திருப்பார்கள். முதலாளி பங்கு 3.25. அதே வகையறாதான்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இன்னொரு கலவை. பணம் அரசுடையது, சிகிச்சை தனியாரிடமும் செய்யலாம், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் செய்யலாம், அங்கே செய்தால் அந்த அரசு ஆஸ்பத்திரிக்கே காப்பீட்டுப் பணம் வந்து சேரும். இதை எந்த பெஞ்சில் உட்கார வைப்பீர்கள்? பணம் பொதுவிலிருந்து வரட்டும், நடத்துகிறவர் யாரானாலும் கணக்குக் கேட்க ஒரு ஆள் இருக்கட்டும் என்பது என் கட்சி. அந்த பெஞ்சில் இப்போதைக்கு நான் மட்டும்தான் இருக்கிறேன், இடம் நிறைய இருக்கிறது.

கேள்வி (வாசகி, குடியாத்தம்): காப்பீட்டு கார்டை யார் கொண்டுவந்தது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் சித்தப்பாவும் மாமாவும் முட்டிக்கொண்டு இப்போது பேச்சுவார்த்தையே இல்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

பதில்: 2009 ஜூலையில் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் விரிவான காப்பீட்டுத் திட்டம் என்று புதிதாகத் தொடங்கினார்கள். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்த்தார்கள், இப்போது குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆக மூன்று பேருக்கும் பங்கு உண்டு, சமாதானமாகப் போகச் சொல்லுங்கள்.

ஆனால் கார்டில் யார் படம் என்று சண்டை போடுகிறவர்கள், கார்டில் என்ன வரும் என்று ஒருநாளும் கேட்பதில்லை. என் அம்மாவின் கார்டு பீரோவில் எல்.ஐ.சி. பத்திரத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவே ஒரு பாலிதீன் கவரில் பத்திரமாக இருந்தது. அம்மாவுக்கு சர்க்கரை. மாதா மாதம் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, நடுவில் காலில் ஒரு புண். கையில் காசு குறைவாக இருக்கும் வாரங்களில் மெடிக்கல் ஷாப்பில் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லி ஆறு மாத்திரை மட்டும் வாங்கி வருவார், மீதி அப்புறம் என்று. இத்தனைக்கும் அந்த கார்டு ஒரு ரூபாய் தரவில்லை. தராது, ஏனென்றால் பெட்டில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்கும் அதையொட்டிய சில பரிசோதனைகளுக்கும்தான் அது. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, கார்டை ஏற்றுக்கொண்டார்கள், கூடவே 'இதெல்லாம் பேக்கேஜில் வராது' என்று ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தார்கள். கையுறை, பஞ்சு, ஊசி என்று நீண்ட பட்டியல், வரிசையாக எழுதிக் கீழே ஒரு கோடு போட்டுக் கூட்டியிருந்தார்கள்.

இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுப்பது 2013-14-இல் 64.2 சதவீதம். 2021-22-இல் 39.4. குறைந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் மிச்சமிருக்கும் அந்தக் கைக்காசில் பெரும்பகுதி மாத்திரை, புறநோயாளி சீட்டு, லேப் என்றுதான் போகிறது. கார்டு வந்துவிட்டது, வைத்தியப் பிரச்னை தீர்ந்தது என்று மேடையில் பேசுகிறவர்களும், கார்டே ஏமாற்று என்று எதிர் மேடையில் பேசுகிறவர்களும் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் தெருவுக்கு மாதாமாதம் தவறாமல் வருகிறார்களா? சித்தப்பாவும் மாமாவும் அதற்காக முட்டிக்கொள்ளட்டும், நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

கேள்வி (வாசகர், ஆம்பூர்): நாங்கள் செருப்பு வியாபாரம். பக்கத்தில் நாலு கடை வந்தால் விலை தானாக இறங்கும். ஆஸ்பத்திரியும் அப்படித்தானே?

பதில்: உங்கள் கடைக்கு வருகிறவர் நாலு ஜோடியைப் போட்டுப் பார்த்து, நடந்து பார்த்து, விலை படியாவிட்டால் எழுந்து போய்விடுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் எங்கே எழுந்து போவார்? அதோடு அவருக்கு எந்த டெஸ்ட் வேண்டும் என்று முடிவு செய்வதும் விற்கிறவரே. கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1963-லேயே இதைக் கட்டுரையாக எழுதிவிட்டார், நோய் எப்போது வரும் என்று தெரியாது, மருந்து பலிக்குமா என்று தெரியாது, விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாது, அதனால் மற்ற சந்தை மாதிரி இது நடக்காது என்று. கண்புரை, பல் மாதிரி நாள் குறித்துச் செய்துகொள்கிற வைத்தியத்தில் விலை விசாரிக்கலாம், அங்கே உங்கள் கணக்கு கொஞ்சம் செல்லும்.

கேள்வி (வாசகர், ஆற்காடு): என் மகன் டெக்சாஸில் இருக்கிறான். அரசாங்கம் தலையிடாததால்தான் அமெரிக்காவில் மருத்துவம் இவ்வளவு முன்னேறியது என்கிறான்.

பதில்: 65 வயதானவர்களுக்கு அங்கே அரசே நடத்தும் மெடிகேர் என்ற காப்பீட்டுக்குச் சட்டம் 1965-இல் வந்தது என்று தம்பியிடம் சொல்லுங்கள். தமாஷ் என்னவென்றால், 2009-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சண்டை உச்சத்தில் இருந்தபோது ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து 'என் மெடிகேரில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது' என்று சத்தம் போட்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. அதே வருஷம்தான் 'மரணக் குழு' புரளியும். கடைசிக் காலத்தில் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், என்ன வேண்டாம் என்று நோயாளி விருப்பப்பட்டு டாக்டரிடம் பேசினால் அந்த நேரத்துக்கு டாக்டருக்குக் காசு தரலாம் என்று மசோதாவில் ஒரு பிரிவு. அதை, கிழவர்கள் சாகலாமா வாழலாமா என்று அதிகாரிகள் உட்கார்ந்து முடிவு செய்யப் போகிறார்கள் என்று ஒபாமாவின் எதிர்க்கட்சியைச் சேர்ந்த சாரா பேலின் கிளப்பிவிட்டார். மாதக்கணக்கில் அதற்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2010 மார்ச்சில் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவு அதில் இல்லை. எல்லாரையும்விட அதிகமாகச் செலவு செய்கிற நாடு, ஆயுளில் மற்ற பணக்கார நாடுகளுக்குப் பின்னால் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (வாசகர், அணைக்கட்டு): இலவசமாகக் கொடுத்தால் சும்மா சும்மா வந்து நிற்பார்கள். அரசு மாத்திரையில் பவரும் இல்லை. சரிதானே?

பதில்: பொழுதுபோகவில்லை என்று ஊசி போட்டுக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும், அப்புறம் வரிசை, அப்புறம் திரும்பி ஏற வேண்டும். அவருக்கு அது இலவசம் என்று யார் சொன்னது? வரியும் கட்டியிருக்கிறார், குடியாத்தம் தீப்பெட்டி வாங்கினாலும் வரி உண்டு. மாத்திரை விஷயம்: 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, மாதிரி எடுத்து லேபில் சோதித்த பிறகுதான் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு அது. பளபளப்பான அட்டை இல்லாததால் பவர் இல்லை என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி (வாசகி, சத்துவாச்சாரி): 1900-இல் ஒரே கட்டிலோடு ஐடா ஸ்கடர் என்ற டாக்டர் அம்மா ஆரம்பித்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை இன்றைக்கு நாடே தேடி வருகிறது. நம் ஊருக்கு என்ன குறை?

பதில்: பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் விடிகாலையில் காட்பாடி பிளாட்பாரத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். ஹவுராவிலிருந்து ரெண்டு ராத்திரி பயணம் செய்து, எக்ஸ்ரே கவரை மடங்காமல் மார்போடு அணைத்தபடி இறங்குவார்கள். லாட்ஜ்களில் வங்காள மொழியில் போர்டு, ஓட்டல்களில் அவர்கள் ஊர் மீன் குழம்பு. நாம் அதைப் பார்த்து வேலூர் பெருமை என்கிறோம். அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். அவர் வேலூரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, தன் மாவட்டத்தில் சிறுநீரக டாக்டர் இல்லை என்றுதான் சொன்னார்.