மணல் நிரப்ப நிதி: உங்கள் கணக்கு கால்பங்குதான்

அரிபடும் கடற்கரையில் மணல் நிரப்ப நிதி கேட்கும் உங்கள் ஊராட்சியின் விண்ணப்பத்தில் 500 மீட்டர் நீளம், 30 அகலம், 2 உயரம்: 30,000 கன மீட்டர் மணல் என்று போட்டிருக்கிறீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் மேடு மட்டும். அலை அதே மணலை நீருக்கடியிலும் பரப்பும். உங்கள் கரையில் 6 மீட்டர் ஆழம் வரை என்று கொண்டால், 2 மீட்டர் உயரத்தோடு சேர்த்து 500×30×8, அதாவது 1,20,000. ஆழத்தை அளந்து உறுதிசெய்யுங்கள்.

துறைமுகத்தில் தூர்வாரிய மணலைச் சல்லடையில் சோதியுங்கள். ஊர் மணலைவிடப் பொடியென்றால் நிற்காது. சேறு வேண்டவே வேண்டாம்.

15-ஆவது நிதிக்குழு 2021–26க்குக் கரையரிப்புத் தணிப்புக்கென 1,500 கோடி பரிந்துரைத்தது. இவ்வகை நிதிக்கு ஊராட்சி நேரடியாகப் போக முடியாது; ஆட்சியர் வழியே மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அனுப்புங்கள்.

வடக்கே போகும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்துக்கொண்டிருக்கும் வரை அரிப்பு தொடரும். ஆகவே ஆண்டுதோறும் தூர்வாரும் மணலை உங்கள் கரையில் கொட்டும் நிபந்தனையைத் துறைமுக ஒப்பந்தத்திலேயே சேர்க்கக் கேளுங்கள். தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) மட்டும் போட்டால் அடுத்த குப்பம்தான் அரிபடும்.